அரசு ஆஸ்பத்திரிப் பிரசவம்: ‘இலவசம்’ என்பதை எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டமைப்பின் சார்பில், எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்தில் ஆறு வருடம் உட்கார்ந்தவள் நான். கர்ப்பிணிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது தனிக்கணக்கு. வளைகாப்பு வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். முதலில் வருபவை நாள் எண்ணிக்கொண்டிருக்கிற பெண்களின் கேள்விகள். போகப்போக வருபவை, திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று கணக்குப் பார்க்க நினைப்பவர்கள் கேட்டவை. எல்லாமே தமிழ்நாட்டு நிலவரம்.

அக்கா, எல்லாமே இலவசம்னு சொல்றாங்களே, எதெல்லாம் இலவசம்?

2011 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிற ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் சிசேரியனும் இலவசம். மருந்து, ஊசி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவது எல்லாம் அதில் சேர்த்தி. சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், சிசேரியன் என்றால் ஏழு நாள் வரை தாய்க்குச் சாப்பாடு உண்டு. வீட்டிலிருந்து கூட்டிப்போக, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற, திரும்பக் கொண்டுவந்து விட வண்டியும் உண்டு. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வயது வரை இதே சலுகை.

இதற்கு வருமானச் சான்று வேண்டாம், எத்தனையாவது பிள்ளை என்ற கேள்வியும் கிடையாது. நிபந்தனையெல்லாம் கையில் வரும் பணத்துக்குத்தான். சிகிச்சையையும் பணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், “மூணாவது குழந்தை, நமக்கு ஒண்ணும் கிடையாது” என்று சிலர் ஏழு மாதம் வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

பிக்மி நம்பர் எதுக்கு? அது இல்லாட்டி பிரசவம் பாக்க மாட்டாங்களா?

பார்த்தே ஆகவேண்டும். வலி வந்து வந்தவரை நம்பர் இல்லை என்று திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கிற 12 இலக்க எண் அது. ஆர்.சி.எச். எண் என்றும் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்கிறார்கள் என்பதால், தனியாரிடம் பார்ப்பவர்களும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ள வேண்டும்.

12 வாரத்துக்குள் பதிவது நல்லது. முதல் எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு), முதல் பி.பி., ரத்த வகை எல்லாம் அப்போதே எழுதி வைத்தால்தான் பின்னால் ஏறினதா இறங்கினதா என்று ஒப்பிட முடியும்.

முத்துலட்சுமி ரெட்டி பணம் பதினெட்டாயிரம் எனக்குக் கிடைக்குமா?

19 வயது நிரம்பி, முதல் இரண்டு பிரசவத்துக்குள், வறுமைக்கோட்டுக் குடும்பமாக இருந்தால் கிடைக்கும். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு மாநில அரசு தருகிற மகப்பேறு நிதியுதவி இது, 1987-இல் தொடங்கியது. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று உயர்ந்தது. இந்த 18,000-இல் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும், மீதி 14,000 தவணை தவணையாக வங்கிக் கணக்கில் விழும். தவணைகளுக்குப் பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று படிகள் உண்டு.

ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர். பணம் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தவர்கள் முதல் பரிசோதனைக்குப் போவதற்கு முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு கடைசித் தவணை வந்த வீடுகளை எனக்குத் தெரியும். சாப்பிடவேண்டிய மாதத்தில் வராத சத்துணவுப் பணம் பிறகு கம்மல் மீட்கப் போய்விடும். அதில் யாரைக் குறை சொல்ல?

பி.எச்.சி.ல பாத்துக்கலாமா, இல்ல நேரா ஜி.எச். போயிடலாமா?

சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் இருக்கிறார், கூட்டம் குறைவு, மாமியாரும் அம்மாவும் வந்துபோக வசதி. ஆனால் அங்கே பொதுவாக ஆபரேஷனும் ரத்தம் ஏற்றுவதும் கிடையாது. அதற்கு சீமாங்க் மையம் வேண்டும். மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்த வங்கி எல்லாம் சேர்ந்த, தாலுகா அல்லது மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிற பிரிவு அது.

முதல் பிரசவம் சிசேரியன், இரட்டைப் பிள்ளை, பி.பி., சர்க்கரை, இதயக் கோளாறு, எச்.பி. 7-க்குக் கீழ் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் ஒன்பதாம் மாதத்திலேயே சீமாங்குக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். வலி வந்த பிறகு பி.எச்.சி. போய், அங்கிருந்து ஜி.எச்., அங்கிருந்து பெரியாஸ்பத்திரி என்று மூன்று வண்டி மாறுவதுதான் ஆபத்து.

நம்ம பி.எச்.சி. நல்லதா இல்லையான்னு போய்ப் பாத்தா தெரியுமா?

தெரியும். ஆனால் பெயின்ட்டையும் டைல்ஸையும் பார்க்கக்கூடாது. கர்ப்பிணிகள் வருகிற செவ்வாய்க்கிழமை போய் நாலு பெண்களின் தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பாருங்கள். ஒரு தடவை வரிசையில் என் பக்கத்தில் இருந்த பெண்ணின் அட்டையில் பி.பி. ஐந்து முறையும் 110/70. அவளுக்கு அடுத்தவள் அட்டையிலும் 110/70. அடுத்தவள் அட்டையிலும் அதுவே! எந்த மனுஷிக்கும் மாதா மாதம் பி.பி. அப்படி அச்சடித்த மாதிரி நிற்காது. மேஜையில் கருவி இருந்தது, கைப்பட்டை மடிப்பே கலையவில்லை.

அடுத்தது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு நாள் போய்வாருங்கள். நர்ஸ் இருக்கிறாரா, லேபர் வார்டு குழாயில் தண்ணீர் வருகிறதா, ஆக்சிடோசின் ஊசி ஃபிரிட்ஜில் இருக்கிறதா அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்துகிற மருந்து அது. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டியது வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும். மருந்து இருப்பு ஏட்டில் ‘உள்ளது’ என்றுதான் இருக்கும், சமயத்தில் வேலை செய்யாது.

சத்து மாத்திரை எல்லாருக்கும் குடுத்தாச்சுன்னு நர்ஸ் அம்மா சொல்றாங்க. அப்போ ரத்தசோகை ஏன் குறையல?

கொடுப்பது வேறு, சாப்பிடுவது வேறு என்பதால். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில் (2015-16) தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் சுமார் 44 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்தாம் சுற்றில் (2019-21) அது 48. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைகளில் 51 சதவீதம் 57 ஆனது. விரல் நுனியில் எடுக்கிற ரத்தத்தை வைத்துச் சோதிப்பதால் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும் என்ற விவாதம் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஒரு வீட்டில் காலண்டர் ஆணியில் மஞ்சப்பை தொங்கியது. உள்ளே ஆறு அட்டை சிவப்பு மாத்திரை, பிரிக்கவே இல்லை. “வயித்தப் புரட்டுது, மலம் கறுப்பாப் போகுது, பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு அத்தை சொன்னாங்க” என்றாள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பிள்ளை நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் குமட்டல் குறையும். டீயோடு போடக்கூடாது, கால்சிய மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். எச்.பி. குறைவாக இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த மாதம் திரும்பப் பார்த்தீர்கள், எத்தனை பேருக்கு ஏறியிருக்கிறது, ஏறாதவர்களில் எத்தனை பேருக்கு இரும்புச்சத்து ஊசி போட்டீர்கள் என்று கேளுங்கள்.

காசே கேக்க மாட்டாங்களா? உண்மையச் சொல்லுங்க.

டாக்டர் கேட்கமாட்டார். பில் வராது. ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ள, துணி மாற்ற, குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்து காட்ட என்று கை நீளும். என் தங்கை பிரசவத்தின்போது, ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், கதவைப் பாதி திறந்து, “பையன் பொறந்திருக்கான், அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துச் செய்யுங்க” என்றார் ஒரு ஆயாம்மா. பக்கத்தில் பெண் குழந்தை பிறந்தவர்களிடம் பாதித் தொகை. ரேட் கார்டு இல்லாத குறைதான். குழந்தையை நம் கையில் கொடுப்பதற்கு முன்னால் கேட்பதால் எவனும் மறுக்கமாட்டான். அந்த ஆயாம்மாவே குறைந்த கூலிக்கு ஒப்பந்தத்தில் இருப்பவர் என்பதும் உண்மை. அதற்காக இதை விட்டுவிட முடியாது.

இது தவிர வெளியில் எடுக்கச் சொன்ன ஸ்கேன், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, ஆட்டோ, வேலைக்குப் போகாத நாளின் கூலி. இந்திய அளவில் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குக் கையிலிருந்து போகிற சராசரிச் செலவு 2015-16 கணக்கெடுப்பில் 3,197 ரூபாய், 2019-21-இல் 2,916. ‘இலவசம்’ வந்து பத்து வருடம் ஆனபிறகும் முன்னூறு ரூபாய் அளவில்தான் இறங்கியிருக்கிறது. புகாருக்கு அரசின் சுகாதார உதவி எண் 104-ஐக் கூப்பிடுங்கள். என் அனுபவத்தில், தேதியும் ஷிஃப்ட்டும் குறித்துக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆன பிறகு கூப்பிடுவது நல்லது. வார்டில் படுத்துக்கொண்டே புகார் கொடுக்கிற தைரியத்தை யாரிடமும் நான் எதிர்பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டுல 99 சதவீதம் ஆஸ்பத்திரிப் பிரசவமாமே. அப்போ திட்டம் ஜெயிச்சிடுச்சுன்னுதானே அர்த்தம்?

ஐந்தாம் சுற்றுக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதம். மூன்றில் இரண்டு பிரசவம் அரசு ஆஸ்பத்திரிகளில். சின்ன விஷயமில்லை. மருந்து கொள்முதலுக்கென்று 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் வைத்தது, கிராம நிலையங்களில் மூன்று நர்சுகளை முறைபோட்டு வைத்தது, 2008-இல் 108 வந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கட்டியது இது.

ஆனால் தேர்வில் எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் அந்தக் கேள்வித்தாளால் இனிப் பயனில்லை. எங்கே பிரசவம் என்பது அப்படிப்பட்ட கேள்வியாகிவிட்டது. உள்ளே போன பிறகு என்ன நடந்தது என்பதுதான் இனிமேல் பார்க்கவேண்டியது. நாற்பத்தெட்டு மணி நேரம் தங்கவைத்தார்களா, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தார்களா, வலியில் கத்தினவளை அடித்தார்களா, துணைக்கு ஒருத்தியை உள்ளே விட்டார்களா? கூட ஒரு பெண் இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருபது வருடமாக இருக்கிறது. எத்தனை பேருக்கு அது தெரியும்?

எங்க ஒன்றியத்துல போன வருஷம் ஒரு தாய் மரணம்கூட இல்ல. நல்ல பேருதானே?

சந்தோஷம்தான், ஆனால் மார்க் போட அது உதவாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநிலத்தின் தாய் மரண விகிதம் 2018-20 கணக்கில் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54. ஒரு ஒன்றியத்தில் வருடத்துக்கு 1,300 குழந்தை பிறந்தால், சராசரி தரத்தில் நடக்கிற ஒன்றியத்திலேயே எதிர்பார்க்கக்கூடிய மரணம் வருடத்துக்கு ஒன்றைவிடக் குறைவு. சிறப்பாக எதுவும் செய்யாமலே இரண்டில் ஒரு வருடம் பூஜ்யம் வந்துவிடும். அதனால்தான் பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்கிற அரசின் மாதிரிப் பதிவு முறையே மூன்று வருடத்தைச் சேர்த்து ஒரு எண் சொல்கிறது.

மரணம் எங்கே நடந்தது என்பதில் இன்னொரு சங்கதி. பி.எச்.சி.யில் சிக்கலாகி, வண்டியில் ஏற்றி, பெரியாஸ்பத்திரி வாசலில் இறந்தால் பெரியாஸ்பத்திரிக் கணக்கு. பி.எச்.சி. ஏட்டில் ‘மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். ஆகவே ஒன்றிய அளவில் மரணத்தை விட, மயிரிழையில் பிழைத்தவர்களின் எண்ணிக்கையையும் பரிந்துரை ஏட்டையும் பாருங்கள்.

தாய் மரணம் 134-லேர்ந்து 54 ஆனதுக்கு இலவசத் திட்டம்தானே காரணம்?

முழுதாக அப்படிச் சொல்ல முடியாது. 2001-03-இல் தமிழ்நாடு 134, இந்தியா 301. 2018-20-இல் 54, இந்தியா 97. நம் சரிவு சுமார் 60 சதவீதம், இந்தியாவின் சரிவு 68. பின்தங்கின மாநிலங்கள் கீழிருந்து வேகமாக ஏறின. நமக்கு மீதி இருப்பது கஷ்டமான பகுதி. ஆனாலும் அதே 2018-20-இல் கேரளம் 19-இல் நிற்கிறதே, அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

காரணங்களைப் பிரிப்பது சுலபமில்லை. குடும்பத்துக்கு இரண்டு குழந்தைக்கும் கீழே வந்துவிட்டோம், பெண்கள் பத்தாவது தாண்டிப் படிக்கிறார்கள், ரோடு வந்தது. இலவசம் மட்டும் வந்து இவையெல்லாம் வராமல் இருந்த தமிழ்நாடு என்று ஒன்று இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. பண உதவிக்கு மட்டும் கொஞ்சம் ஒப்பிடலாம். தொகை உயர்ந்த 2006, 2011, 2018 ஆகிய வருடங்களுக்கு முன்னும் பின்னும், தகுதி உள்ளவர், ஒரு நூலில் தகுதி தவறியவர் இரு தரப்பையும் எடுத்துப் பார்க்கவேண்டும். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

அப்படிப் பார்க்கும்போது ஒன்று தெரியும். மேலே சொன்ன நிபந்தனைகளில் தகுதி தவறுகிறவர்கள் யார்? 18 வயதில் கல்யாணமாகி உடனே உண்டானவள், மூன்றாவது நான்காவது சுமப்பவள். ஆபத்து அதிகம் உள்ளவர்களே இவர்கள். சின்னக் குடும்பத்தை ஊக்குவிக்க வைத்த விதி, உதவி அதிகம் தேவைப்படுகிறவளை வெளியே நிறுத்துகிறது. என் கருத்து, அந்த விதியை எடுக்கவேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியிலயும் ஏன் இவ்ளோ சிசேரியன்?

ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் அரசில் 36 சதவீதம், தனியாரில் 63.8. முந்தைய சுற்றில் 26.3, 51.3. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு சிசேரியன் கூடுவதால் இறப்பு குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது.

சிக்கலான கர்ப்பங்கள் ஜி.எச்.சில் வந்து குவிவதால் அங்கே எண் கூடத்தான் செய்யும், அதனால் ஒரு ஆஸ்பத்திரியின் மொத்த சதவீதத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. சிக்கலில்லாத, முதல் பிரசவப் பெண்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று கேளுங்கள். முதலாவது ஆபரேஷன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் ஆபரேஷன்தான். எண்ணிக்கை தானாக வளர்வது அப்படித்தான். ஏதாவது ஆகிவிட்டால் விசாரணை வருமே என்ற பயமும் டாக்டர்களிடம் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

பிரசவம் முடிஞ்சு கேக்காமலே காப்பர்-டி போட்டுட்டாங்க. இலவசம்னா இதுவும் சேர்த்தியா?

இல்லை. கருப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனம் அது, உங்கள் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது. வலியின் உச்சத்தில் நீட்டுகிற பேப்பரில் வாங்கின கையெழுத்தைச் சம்மதம் என்று நான் எண்ணமாட்டேன். ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே பேசி, அட்டையில் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று எழுதவையுங்கள். போட்ட பிறகு வேண்டாம் என்று தோன்றினால் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் அதை எடுத்துவிடச் சொல்லலாம். எத்தனை பேருக்குப் போட்டார்கள் என்ற இலக்கு மட்டும் ஏட்டில் இருந்து, எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் எடுக்க வந்தார்கள் என்ற எண் இல்லையென்றால், அந்த ஏடு பாதிதான்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டுல. அப்போ என் கணக்கு எந்த ஊருது?

நல்ல கேள்வி, அதிகாரிகளையே திணறடிக்கிற கேள்வி. ஏழாம் மாதம் வரை மாமியார் ஊர் நர்ஸ், வளைகாப்பு முடிந்து அம்மா ஊர், பிரசவம் அங்கே, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்ப மாமியார் ஊர். 12 இலக்க எண் ஒன்றே என்றாலும் பார்க்கிற ஆள் மாறிவிடுகிறார். பிறந்த முதல் ஆறு வாரம் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டிய செவிலியர், “அவ எங்க ஏரியா இல்லியே” என்பார். இந்த ஊர் ஏட்டில் ‘இடம்பெயர்ந்தார்’, அந்த ஊர் ஏட்டில் ‘விருந்தினர்’.

வளைகாப்புக்குக் கிளம்பும்போதே அட்டையை எடுத்துக்கொண்டு, போய்ச்சேர்ந்த மறுநாள் அந்த ஊர் செவிலியரிடம் காட்டுங்கள். வளையலை மறந்தாலும் அட்டையை மறக்காதீர்கள்.

குழந்தைக்கு எதை வச்சுப் பாக்கறது?

தடுப்பூசியில் முன்னேற்றம் தெளிவு. முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் நான்காம் சுற்றில் 69.7 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 89.2. ஆனால் நான்கில் ஒரு குழந்தை இன்னும் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. அங்கன்வாடியில் எடை மட்டும் பார்த்துவிட்டு உயரம் அளக்காமல் விட்டால் இது கண்ணிலேயே படாது.

ஒரு தாய் இறந்தா விசாரணை வைக்கறாங்களாமே. அதனால ஏதாவது பிரயோஜனம் உண்டா?

உண்டு. 1990-களின் நடுவிலிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிந்து, வீட்டுக்கே போய்க் குடும்பத்தாரிடம் கேட்டு, பிறகு ஆஸ்பத்திரி அளவிலும் கலெக்டர் முன்னிலையிலும் அலசுகிற முறை தமிழ்நாட்டில் இருக்கிறது. மூன்று தாமதத்தைத் தேடுவார்கள்: போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க ஆன நேரம், போய்ச்சேர ஆன நேரம், போன இடத்தில் சிகிச்சை தொடங்க ஆன நேரம்.

கெட்ட பக்கமும் உண்டு. குற்றவாளி தேடுவது நோக்கமில்லை என்று விதி சொல்கிறது, ஆனால் கூட்டத்தில் நிற்கவைக்கப்படுவது பெரும்பாலும் கடைசிப் படியில் இருக்கிற நர்ஸ். அதனால் சந்தேகம் வந்த உடனே “எதுக்கு வம்பு, அனுப்பிவிடு” என்கிற பழக்கம் வளர்கிறது. பி.எச்.சி.யிலேயே முடியக்கூடிய பிரசவங்கள் வண்டி ஏறுகின்றன.

கிராமசபையில ஒரே ஒரு கேள்விதான் கேக்க விடுவாங்க. எதைக் கேக்கறது?

பரிந்துரை ஏட்டைத்தான் கேட்பேன். “போன மூன்று மாதத்தில் இங்கிருந்து மேலே அனுப்பிய ஒவ்வொரு பெண்ணும் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், எத்தனை மணிக்கு அங்கே டாக்டர் பார்த்தார்?” பெயர் வேண்டாம், நேரம் மட்டும் போதும். முதல் தடவை நான் கேட்டபோது மூன்றாவது கட்டம் எல்லா வரியிலும் காலியாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் பாதி வரிக்கு நேரம் எழுதியிருந்தார்கள், எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அதற்கடுத்த கூட்டத்தில்தான் 11.40, 2.15 என்று, நிஜமாகவே கடிகாரம் பார்த்து எழுதின மாதிரி நேரங்கள் வர ஆரம்பித்தன.